ஓடுகிற லிஃப்டை யார் நிறுத்தலாம்?

எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் வேலையை ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும்படி மேலிடம் என்னிடம் கேட்டது. லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம். அலுவலகமும் ஸ்டோரும் காக்கி புக்கிட்டில். வேலை நடப்பதெல்லாம் சிங்கப்பூர்த் தீவு முழுக்கப் பரந்து கிடக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிப் புளோக்குகளில். நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. ஆடிட் நெருங்கும்போது மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

மேலாளர் கேள்வித்தாளைக்கூடத் தயாராக வைத்திருந்தார். "நிறுவனத்தின் நோக்கம் எனக்குத் தெளிவாகத் தெரியும்" என்று ஒரு வரி, எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். இப்படிக் கேட்டால் யார் இரண்டைப் போடுவார்கள்? வொர்க் பெர்மிட் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் போடுவாரா? நாலு, ஐந்து என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அழகான சராசரியோடு ஒரு ஸ்லைடு வரும். தனக்குப் புரிந்திருப்பதாக ஒவ்வொருவரும் நினைக்கிறார் என்பது அதில் தெரியும். இவர் புரிந்துகொண்டதும் அவர் புரிந்துகொண்டதும் ஒன்றுதானா என்பது தெரியவே தெரியாது.

ஐஎஸ்ஓ 9001 என்ற சர்வதேசத் தர மேலாண்மைத் தரநிலை தன் பங்குக்கு இதைச் சரியாகவே கேட்கிறது. 2015 பதிப்பின் 5.2.2ஆம் பிரிவின்படி தரக் கொள்கையை ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது; அது அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், வேலையிலும் இருக்க வேண்டும். 7.3ஆம் பிரிவு இன்னும் கிட்டே போகிறது: தன் வேலை எந்த வகையில் உதவுகிறது, விதிப்படி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடப்பது என்ன? கொள்கையை நாலு வரியாகச் சுருக்கி அட்டையில் அச்சடித்து, ஆளுக்கொன்று கொடுத்து, பாஸுக்குப் பின்னால் செருகிக்கொள்ளச் சொல்கிறோம். தமிழ் மொழி விழாவில் பிள்ளைகள் குறள் ஒப்பிப்பதுபோல் ஆடிட்டர் முன்னால் ஒப்பித்துவிடுவார்கள். ஆடிட்டருக்கும் பாவம், மதியத்துக்குள் முடித்தாக வேண்டும்.

நான் கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு, ஒரு சம்பவத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. பழைய புளோக். இரண்டு லிஃப்டில் ஒன்று ஏற்கெனவே பழுதாகி நிற்கிறது. மற்றது ஓடுகிறது, ஆனால் சில சமயம் தரைமட்டத்துக்குச் சரியாக நிற்காமல் இரண்டு விரல் உயரம் மேலே நின்றுவிடுகிறது. அடுத்த தடவை ஒழுங்காக நிற்கிறது. அதற்கடுத்த தடவை மறுபடியும் அப்படி. பிரேக் தேய்ந்திருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். நீங்கள் அங்கே இருந்தால் அல்லது உங்களுக்குத் தகவல் வந்தால் என்ன செய்வீர்கள்? நிறுத்தும் முடிவு யாருடையது?

வேண்டுமென்றே இரண்டு பக்கமும் இழுக்கிற சம்பவமாகத்தான் எடுத்தேன். பழைய புளோக்குகள் பலவற்றில் முன்பு லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நிற்கும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு மாடியிலும் நிற்க ஆரம்பித்தது. அதை நம்பியே மேல்மாடியில் சக்கர நாற்காலியோடு குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடுவார்கள். ஓடவிட்டால் அதே சக்கர நாற்காலிதான் அந்த இரண்டு விரல் உயரத்தில் தடுக்கும். 2015இலும் 2016இலும் நடந்த விபத்துகளுக்குப் பின் கட்டட, கட்டுமான ஆணையம் விதிகளை இறுக்கியது. 2016 ஜூலை முதல் லிஃப்டுக்கு இயக்க அனுமதி வேண்டும், பராமரிப்பும் குறிப்பிட்ட தரத்தில் இருக்க வேண்டும். அதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு யார் சுவிட்சில் கை வைப்பது என்பதை மட்டும் விதிப் புத்தகம் நமக்காகத் தீர்த்து வைக்காது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்த்தேன். கூட்டம் போட்டுக் கேட்டால் முதலில் வாய் திறப்பவரின் பதில்தான் எல்லோருடைய பதிலும். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதனை செய்தார். அறையில் இருந்த மற்றவர்கள் ஏற்பாட்டின்படி தப்பான பதிலைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணெதிரே இருந்த கோட்டை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். அங்கே இருந்தவை வெறும் கோடுகள். எங்கள் அறையில் மேலாளரே உட்கார்ந்திருப்பார்.

மன்னார்குடிக்காரர் ஒரு டெக்னீஷியன். கேலாங் பாருவில் ஒரு புளோக்கின் வேலையை முடித்துவிட்டுக் கோப்பி கடையில் பால் கலக்காத தே ஓவோடு உட்கார்ந்திருந்தார். கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. நான் படித்துக் காட்டி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"நிறுத்தணும்னுதான் தோணும் அக்கா. ஆனா நான் நிறுத்த முடியாது. சூப்பர்வைசரைக் கேக்கணும். அவர் போன் எடுக்கலன்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஓடவிட்டுட்டு, காலைல முதல் வேலையா வந்து பாப்பேன்."

"நிறுத்தக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு தடவை நிறுத்தினேன். மறுநாள் காலைல எல்லாரும் நிக்கிறப்போ ஏன் நிறுத்தினேன்னு கேட்டாங்க. அவ்ளோதான்."

சூப்பர்வைசர் ஜொகூர்க்காரர், நல்ல மனிதர், அவரும் தமிழ்தான். அவருக்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "இதுக்கு என்னை எதுக்குக் கேக்கணும்? சந்தேகம்னா டெக்னீஷியனே நிறுத்திடலாம் லா. தினமும் வேலைக்கு முன்னாடி டூல்பாக்ஸ் மீட்டிங்ல சேஃப்டி ஃபர்ஸ்ட்டுனு தொண்டை கிழியச் சொல்றேனே" என்றார். கால் சென்டரில் இருக்கும் அக்காவோ, புளோக்குகளை நிர்வகிக்கும் நகர மன்றத்துக்குச் சொல்லாமல் ஓடுகிற லிஃப்டை நிறுத்தவே கூடாது என்று இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தார். குடியிருப்பாளர்கள் போட்டுத் திட்டும் அழைப்புகளை எடுப்பவர் அவர்தானே. ஒப்பந்தங்களைக் கவனிப்பவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது, லிஃப்ட் நின்றிருந்த நேரம் மாத அறிக்கையில் ஏறும் என்பது. மேலாளர் பாதிக் கேள்வியிலேயே கையைக் காட்டினார்: "நிறுத்திவிடுவார்கள். இதில் என்ன சந்தேகம்?"

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. "பாதுகாப்பே முதன்மை" என்ற வரிக்கு இத்தனை பேரும் மனசார ஐந்து போட்டிருப்பார்கள். ஆனால் கீழே இருப்பவர் அதிகாரம் மேலே இருக்கிறது என்று நினைக்கிறார், மேலே இருப்பவர் கீழே கொடுத்தாயிற்று என்று நினைக்கிறார். நடுவில் லிஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது.

டொயோட்டா ஆலைகளில் இதற்கென்றே ஒரு கயிறு உண்டு. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நின்றுவிடும். 1984இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து, மூடிக்கிடந்த ஓர் ஆலையைத் திறந்தன. முன்பு அங்கே வேலை பார்த்தவர்களில் பலரே திரும்ப வந்தார்கள். பழைய நாட்களில் என்ன ஆனாலும் வரிசையை நிறுத்தக் கூடாது என்றே பழகியவர்கள் அவர்கள். எனக்கு அதில் பிடித்தது கயிறு அல்ல. இழுத்ததும் ஒருவர் ஓடி வந்து "என்ன உதவி வேண்டும்" என்று கேட்கிறார் பாருங்கள், அது. எங்கள் மன்னார்குடித் தம்பியிடம் கேட்கப்பட்டது வேறு கேள்வி.

இரவு ஷிஃப்டில் இருந்து எழுத்தில் வந்த பதில்கள் மட்டும் பிரமாதம். எல்லோரும் ஒரே பதில், அதே மூன்று வாக்கியங்கள். கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துப் பிழை. யாரோ நல்லெண்ணத்தோடு விடையை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

எல்லா வேறுபாட்டையும் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டோர் அண்ணனிடம் கேட்டபோது, "நிறுத்துறதும் ஓட்டுறதும் உங்க பாடு. பிரேக் லைனிங் இருக்கான்னு என்னைக் கேளுங்க" என்றார். சரிதான். அவர் லிஃப்டைப் பற்றி டெக்னீஷியன் மாதிரி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறுகிற இடத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தால் போதும். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: வாரக் கடைசியில் ஸ்டோர் சாவி அவரிடம் மட்டும்தான், சனி ஞாயிறு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அதாவது வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் வரை நின்றுதான் கிடக்கும் என்று டெக்னீஷியன்கள் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அவர்களுடைய தயக்கத்தில் பாதி அங்கே இருந்து வந்தது. இது எந்தக் கேள்வித்தாளிலும் வந்திருக்காது.

அறிக்கையைப் படித்த மேலாளர் முதலில் கேட்டது, புதுப் போஸ்டர் அடிக்கலாமா என்று. வேண்டாம் என்றேன். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு வேலை நடைமுறையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. சந்தேகம் இருந்தால் டெக்னீஷியன் நிறுத்திவிட்டுச் சொல்லலாம், முன் அனுமதி தேவையில்லை; நகர மன்றத்துக்குத் தகவல் சொல்வது கால் சென்டரின் பொறுப்பு. ஸ்டோருக்கு இரண்டாவது சாவி வந்தது. நிறுத்தியவரிடம் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்திருந்த வரியை மட்டும், நடைமுறை ஆவணத்தில் இதெல்லாம் எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். மற்ற இரண்டும் உயிரோடு இருக்குமா என்பதே அந்த வரியைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். ஆடிட் முடிந்ததும் மறுபடி கேட்பேன்.

அடுத்த சம்பவத்தையும் எழுதி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, துணை ஒப்பந்ததாரரின் ஆள் வேலையில் இருக்கிறார், அவரிடம் எங்கள் நடைமுறைப் புத்தகம் கிடையாது, லிஃப்டுக்குள் ஒரு பாட்டி சிக்கிக்கொண்டிருக்கிறார். முதல் போன் யாருக்குப் போகும்? இதை இந்தத் தடவை மேலாளரிடமிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.