14,500 ரூபாவைக் கேட்டு வாங்கிய கதை

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து கம்பனி பஸ்ஸில் போய்வரும் தையல் மிசின் ஒப்பரேட்டர் நான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டதும் பக்டரியை மூடினார்கள். மே மாதம் திறந்தபோது பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் லைனில், அதாவது எங்கள் தையல் வரிசையில், இருந்தவர்கள் வீட்டில் இருந்தோம். அந்த மாதமும் அடுத்த மாதமும் அடிப்படைச் சம்பளத்தில் பாதி வங்கியில் விழுந்தது. எனக்கு அது 8,000 ரூபா. சும்மா இருக்கிறவர்களுக்கு இதுவே பெரிசு என்பதுபோல் சுப்பவைசர் கதைத்தார்.

கொழும்பில் வேலை செய்யும் அத்தானும் அப்போது வீட்டில்தான் இருந்தார். அவருக்கு 14,500 வந்திருந்தது. எப்படி என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. தொழில் அமைச்சும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் அந்த மே மாதமே ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. வேலைக்குக் கூப்பிடாத ஊழியருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 50 வீதம் அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் அறிவித்தல் பலகையில் 50 வீதம் என்பது மட்டும்தான் இருந்தது. அடிப்படைச் சம்பளம் 29,000 ரூபாவைத் தாண்டியவருக்குத்தான் அந்தப் பாதி லாபம். மிசினில் இருக்கிற எங்களில் யாருக்கு அவ்வளவு சம்பளம்?

எச்.ஆர். மிஸ்ஸிடம் கேட்டோம். "அது உடன்பாடுதானே, சட்டமில்லையே" என்றார்.

எங்களுக்குச் சங்கம் கிடையாது. ஆகவே லைனில் சிலர் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதி, சேர்ந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொடுத்தோம். முறைப்பாடு கொடுக்க ஒரு சதமும் செலவில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) இலக்கம் எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி கேட்டார்கள். சிலருக்கு நியமனக் கடிதமே தரப்பட்டிருக்கவில்லை. சம்பளச் சிட்டையையும் கம்பனி அடையாள அட்டையையும் ஏற்றுக்கொண்டார்கள். சிட்டையை வாசித்துவிட்டுக் குப்பையில் போடுகிற பிள்ளைகள்தான் கஷ்டப்பட்டார்கள்.

அதற்குள் இரண்டாம் அலை. மினுவாங்கொடை, பேலியகொடை, பிறகு அக்கரைப்பற்றுச் சந்தை என்று தொற்று கொத்தணி கொத்தணியாக வந்து, விசாரணை தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2021 ஜனவரியில் கூப்பிட்டார்கள். காத்தான்குடி முடக்கப்பட்டிருந்ததால் அங்கிருந்து வரவேண்டிய எங்கள் லைன் தங்கச்சி ஒருத்தியால் வர முடியவில்லை.

பக்டரி சார்பில் வந்தவர் விசாரணையிலும் அதே பாட்டைப் பாடினார்: உடன்பாடு சட்டமில்லை. தொழில் உத்தியோகத்தர் அவசரப்படவில்லை. எங்கள் நியமனக் கடிதம் ஒன்றை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். "சரி சேர், உடன்பாட்டை விடுவம். இந்தக் கடிதத்தில முழுச் சம்பளம் எண்டுதானே கிடக்கு? பாதியா வெட்ட உங்களுக்கு எந்தச் சட்டம் இடம் தந்தது?"

இதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. அந்த உடன்பாடு எங்களுக்குப் போட்ட பிச்சை என்றுதான் பக்டரியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது முதலாளிமாருக்குக் கொடுத்த சலுகை. அதை ஏற்கமாட்டேன் என்றால் முழுச் சம்பளத்துக்கல்லவா பதில் சொல்ல வேண்டிவரும்! வந்தவர் வெளியே போய் யாருக்கோ போன் எடுத்துவிட்டு வந்து, மிச்சக் காசைத் தருவதாக எழுதிக் கொடுத்தார்.

சேமலாப நிதிக் கதையும் அங்கேதான் வெளிவந்தது. அந்த இரண்டு மாதத்துக்கும் எங்கள் 8 வீதத்தைச் சிட்டையில் கழித்திருந்தார்கள். ஆனால் அதுவும் நிதிக்குப் போகவில்லை, அவர்கள் கட்டவேண்டிய 12 வீதமும் போகவில்லை. அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மிகைக்கட்டணம் ஏறும். ஒரு வருஷம் தாண்டினால் அது 50 வீதம். அதைச் சொன்னதும் அந்தப் பக்கத்தில் காட்டிய வேகம் சம்பள விஷயத்தில்கூட இல்லை.

பாதுகாப்புப் பற்றியும் எழுதியிருந்தோம். 2020 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி வேலைத்தலத்துக்கும் முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கியிருந்தது. எங்கள் மிசின்கள் முழங்கை இடிக்கிற தூரத்தில் கிடந்தன. இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.க்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். அவர் வந்து பார்த்த பிறகு ஒன்றுவிட்டொரு மிசினை நிறுத்தினார்கள். பஸ்ஸில் மட்டும் பழையபடி நெரிசல்தான்.

மிச்சக் காசு மாதத்துக்கு 6,500 வீதம் எல்லோருக்கும் வந்தது, கையெழுத்துப் போடப் பயந்தவர்களுக்கும் சேர்த்து. சரியாகாத விஷயம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் தொற்று வந்ததால் பி.எச்.ஐ. தனிமைப்படுத்திய அக்கா ஒருவருக்கு, அந்த நாட்களை அவருடைய வருடாந்த லீவில் கழித்துவிட்டார்கள். "விடு புள்ள, காசு வெட்டல்லதானே" என்றார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பி.எச்.ஐ. கொடுத்த தனிமைப்படுத்தல் கடிதத்தின் கொப்பியை அவரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் ஓம் என்றால் அதற்கும் ஒரு முறைப்பாடு எழுதுவோம்.