சொன்ன பிறகு

பள்ளிகளில் நடக்கும் கேலி, மிரட்டல் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "பிள்ளைகள் தைரியமாக வந்து சொல்ல வேண்டும்" என்ற பேச்சு வந்துவிடும். எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. சுவரில் 14417, 1098 என்று உதவி எண்களைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். தேவையானவைதான். ஆனால் தென்மாவட்டத்தில் வகுப்பாசிரியராக இருக்கும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி வேறு. சொன்ன பிள்ளை அன்று சாயங்காலம் எப்படி வீடு போய்ச் சேரும்?

நாங்குநேரியை இங்கே யாரும் மறக்கவில்லை. உடன் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் ஒரு பிளஸ் டூ மாணவர் பள்ளிக்கு வராமல் நின்றார். ஆசிரியர்கள் விசாரித்தார்கள், விஷயம் வெளியே வந்தது. அதன்பின் 2023 ஆகஸ்டில் ஓர் இரவு வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைகள். அவற்றோடு சேர்த்து நான் நாங்குநேரியிலிருந்து எடுத்துக்கொண்டது இது: பாதிக்கப்பட்ட பிள்ளையை ஒரே சாட்சியாக நிறுத்தக்கூடாது.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். 'உள்ளேன் ஐயா' என்று அவன் சொல்லும் குரல் நாளாக நாளாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அப்புறம் அடிக்கடி லீவு. கேட்டால் வயிற்று வலி. இப்போது வருகையைச் செல்போன் செயலியில் பதிகிறோம், அதனால் அந்த நேரத்தில் ஆசிரியரின் தலை குனிந்தே இருக்கும். ஒரு காலையில் வேறோர் ஆசிரியர் வருகை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பின்பக்க ஜன்னலருகே நின்றிருந்தேன். அவன் பெயர் வந்ததும் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. இரண்டு விரல்கள் கத்தரியைப் போல விரிந்து மூடின. சத்தமே இல்லை. சிரிப்பு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக முன்னால் நகர்ந்தது. அந்தப் பையனின் அப்பா ஊரில் முடி திருத்துபவர்.

அடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. புகாராக எழுதினால் 'விரலை ஆட்டினான்' என்றுதான் எழுத முடியும். அந்தப் பிள்ளைக்கோ தினமும் காலையில் இதைத் தாண்டித்தான் பாடமே தொடங்குகிறது.

நான் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. விசாரித்தால், அவன் வாயே திறக்காவிட்டாலும், அவன்தான் போட்டுக்கொடுத்தான் என்று ஆகிவிடும்.

பள்ளிகளில் இப்படிப்பட்ட தொல்லையைத் தடுக்கப் பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலானது. அதன் பின்னால் இருப்பவை கிறிஸ்டினா சல்மிவல்லியின் ஆய்வுகள். தொல்லை கொடுப்பவன், தொல்லைப்படுபவன் என்று இரண்டு பேரோடு நிறுத்தாமல், கூடச் சேர்பவர்கள், சிரித்து ஏற்றிவிடுபவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், துணை நிற்பவர்கள் என்று வகுப்பு முழுவதையும் அவர் கணக்கில் எடுக்கிறார். ஒரு சம்பவம் வந்தால், வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் சில பிள்ளைகளை ஆசிரியர் கூப்பிட்டு, அவனுக்குத் துணையாக நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். பின்லாந்து வகுப்பறையில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கு அர்த்தம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சிரிப்பவர்களிடமிருந்து தொடங்கு என்பது இங்கேயும் பொருந்துகிறது.

நோட்டுத் திருத்தும் சாக்கில் வகுப்புத் தலைவியையும் கபடி அணித் தலைவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். அவன் ஏன் அடிக்கடி வருவதில்லை என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "சிரிக்கலைன்னா அடுத்து நம்மள ஓட்டுவாங்க சார்" என்றாள். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்காத உண்மை. யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம், அந்த நேரத்தில் சிரிக்காமல் இருந்தால் போதும் என்றேன். கபடிப் பையன் தானாகவே ஒரு படி மேலே போய், மதியம் சத்துணவு வரிசையில் அவனைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். கை இன்னும் சில நாள் உயர்ந்தது. சிரிக்க ஆள் குறையக் குறைய அதுவும் நின்றது. அதன்பிறகே விரலாட்டிய பையனிடம் பேசினேன், "நான் என் கண்ணால பாத்தேன்" என்று. சாட்சி நானாக இருந்ததால் அவன் வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

வீடுகளில் பேசுவதுதான் கடினம். இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து சமாதானம் பேசும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரில் சமமாக உட்கார முடியாதவர்கள் தலைமையாசிரியர் அறையில் மட்டும் எப்படி மனம்விட்டுப் பேசுவார்கள்? வேறு வேறு நாளில் வரச் சொன்னேன். ஒரு தகப்பனார், "பசங்க விளையாட்டு சார், எங்க காலத்துல இதவிட ஓட்டுவோம்" என்றார். உங்கள் மகனை யாராவது தினமும் உங்கள் தொழிலைச் சொல்லி ஓட்டினால் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் இல்லை. இன்னொரு நாள் வந்த தாயார் கேட்டது ஒன்றுதான். "பெரிசு பண்ணிராதீங்க சார். நாளைக்கும் அதே தெருவுலதான் நாங்க நடக்கணும்." அவர் பயத்தைப் போக்க முயல்வதைவிட, அதை மதித்து நடந்துகொள்வதே என் வேலை என்று நினைக்கிறேன்.

நீதிபோதனை வகுப்பில் இப்போது கதை சொல்வதைக் குறைத்துவிட்டேன். 'நீ மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாய், பக்கத்தில் சிரிப்பு வருகிறது, என்ன செய்வாய்?' என்று கேட்டு, பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறேன். புகார்ப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கக்கூடாது என்பது முதலாவது, அதை ஏற்றுக்கொண்டார்கள். வேடிக்கை பார்த்த பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது மற்றொன்று. "எம்புள்ள ஒண்ணும் பண்ணலையே, நான் எதுக்கு வரணும்" என்று உறுப்பினர் ஒருவரே கேட்டார். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.