எந்த எண்ணெய் என்பதற்கு முன், எவ்வளவு எண்ணெய்

புதிய எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும்போது அதன் மூடியில் அன்றைய தேதியை எழுதிவைப்பது சில மாதங்களாக என் வழக்கம். நாள்பட்ட எண்ணெயில் சமைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம்தான். ஆனால் அந்தத் தேதி எனக்குக் காட்டிக்கொடுத்தது வேறொன்றை. இருவர் மட்டுமே உள்ள எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் 16 நாட்களில் தீர்ந்திருந்தது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 920 கிராம். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 28 கிராமுக்கும் மேல், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஆலிவ் எண்ணெயானாலும் பாமாயிலானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான் என்பதால், இந்த ஓர் இனமே 250 கலோரியைத் தாண்டிவிடுகிறது. எது நல்ல எண்ணெய் என்று மணிக்கணக்கில் படித்துக்கொண்டிருந்த நான், எவ்வளவு ஊற்றுகிறேன் என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அளவைப் பார்த்த பிறகுதான் வகையைப் பற்றிய பேச்சுக்கே பொருள் வருகிறது. சற்றுக் குளிர்ந்த அறையில் கெட்டியாக நிற்கும் கொழுப்புகளில், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அங்கும் திரவமாகவே இருப்பவற்றில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேலும், வெண்ணெயிலும் பாமாயிலிலும் சுமார் பாதியும், ஆலிவ் எண்ணெயில் ஏறத்தாழ 14 விழுக்காடும், சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 10 விழுக்காடும் நிறைவுற்றவை. நாள் முழுவதும் உண்ணும் உணவின் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். என் இரண்டு மேசைக்கரண்டியும் தேங்காய் எண்ணெயாகவே இருந்தால், பால், முட்டை, இறைச்சி எதையும் தொடுவதற்கு முன்பே அந்த எல்லை கடந்துவிடும். இதனால் தேங்காய் எண்ணெயை நஞ்சு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதை அருமருந்து என்று புகழ்பவர்களையும் நான் நம்புவதில்லை. மணத்துக்காக ஒரு தேக்கரண்டி, அன்றாடச் சமையலுக்கு நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த வேறோர் எண்ணெய் என்பதே என் ஏற்பாடு.

அடுத்தது அடுப்பின் சூடு. எண்ணெயிலிருந்து இடைவிடாமல் புகை கிளம்பத் தொடங்கும் வெப்பத்தைப் புகைநிலை என்கிறோம். செக்கில் ஆட்டி அப்படியே வடித்த எண்ணெயில் மணமும் சத்தும் தங்குகின்றன. கூடவே, கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் தனித்த கொழுப்பு அமிலங்களும் தங்குவதால் அது சீக்கிரம் புகைகிறது. சுத்திகரித்த எண்ணெய் கூடுதல் சூட்டைத் தாங்கும். ஆனால் புகைநிலையை மட்டும் பார்ப்பதும் பிழையே. சாதாரண சூரியகாந்தி எண்ணெய்போலப் பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய், புகை தெரியாவிட்டாலும் நீண்ட நேரக் கொதிப்பில் சிதைந்து, ஆல்டிஹைடுகள் என்ற தீங்கான வேதிப்பொருட்களை உண்டாக்கும். ஆலிவ் எண்ணெய்போல ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தவை இதில் உறுதியானவை. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சுடவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியில் படியும் பழுப்பு நிறப் பிசுக்கே சாட்சி: அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது, சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிப்போன எண்ணெய்.

புட்டியின் முன்பக்க வாசகங்களை நான் படிப்பதை விட்டுவிட்டேன். ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்கு மேல் இருப்பதில்லை. படிக்க வேண்டியது பின்பக்கத்தைத்தான். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய், அதாவது ஹைட்ரஜன் ஓரளவு சேர்த்த எண்ணெய், என்று அங்கே இருந்தால் அதில் டிரான்ஸ் கொழுப்பு உண்டு என்று பொருள். திரவ எண்ணெயைக் கெட்டியாக்கும் இந்த முறைக்கு வில்ஹெல்ம் நோர்மான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1902இல் காப்புரிமை பெற்றார். இப்படி உருவாகும் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கும். சில நாடுகளில் ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் ‘பூஜ்யம்’ என்றே அச்சிடலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒமேகா-3 என்ற நிறைவுறாக் கொழுப்பு வேண்டும் என்ற ஆசையில் ஒருமுறை பெரிய புட்டி ஆளிவிதை எண்ணெய் வாங்கி, கைக்கெட்டும் வசதிக்காக அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சில வாரங்களில் திறந்தபோது புதிதாகச் சாயம் பூசிய சுவரின் வாடை அடித்தது. ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் எண்ணெயும் ஆளிவிதையில் எடுப்பதுதான். காற்றுப் பட்டு இறுகும் அந்தக் குணமே அங்கே பயன், சமையலறையில் கேடு. இப்போது அதில் மிகச் சிறிய புட்டியாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறேன், சூடுபடுத்துவதே இல்லை. ஐயம் வந்தால் எந்த எண்ணெயையும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்க்கிறேன். சிக்கு வாடை வந்துவிட்டால், மூடியில் இருப்பது நேற்றைய தேதியானாலும் அது சட்டிக்குப் போவதில்லை.