மிளகின் இருமலும் பெப்சின் என்ற புரதமும்

எங்கள் மிளகு ஏழு வயது பக் இன நாய். சாப்பிட்டு முடித்ததும் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான், வெறும் வாயை மடக் மடக்கென்று விழுங்குவான், கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கும். ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம். பல மாதம் சளி மருந்தும் ஆன்டிபயாட்டிக்குமாகப் போனது. இப்போது பார்க்கும் டாக்டர்தான் எக்ஸ்ரேயைக் காட்டி, "இருமுறது நெஞ்சுலதாம்மா, ஆனா மூலம் வயித்துல இருக்கலாம்" என்றார்.

பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சை இழுப்பதே பெரிய வேலை. நெஞ்சைப் பலமாக விரித்து இழுக்கும்போது இரைப்பையில் இருப்பதும் மேலே ஏறுகிறது. சில நாய்களுக்கு இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத்தைத் தாண்டி நழுவும். அப்படி எதுக்களித்ததில் துளி புரையேறி நுரையீரலுக்குள் போனால் போதும், இருமல், அழற்சி, நிமோனியா வரை போகலாம். வாந்தியே எடுக்காத நாய்க்கும் இது நடக்கும்.

நான் மனிதர்களுக்கான லேபில் வேலை பார்க்கிறவள். நெஞ்சுவலி என்று வருபவருக்கு ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்த்து, இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று சொல்கிறோம். மிளகுக்கும் அப்படி ஒரு புரதம் கிடைக்காதா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி என்ற புரதத்தை நாய்களுக்கும் பார்க்கலாம். நிமோனியா வந்தால் ஏறும், குணமானால் இறங்கும், ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்கக்கூட உதவுகிறது. ஆனால் அழற்சி வயிற்றிலிருந்து வந்ததா, கிருமியால் வந்ததா என்று அது சொல்லாது. மனிதர்களுக்குப் புரையேறியதை அறிய, எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற செரிமானப் புரதத்தை நுரையீரல் நீரில் பார்ப்பதுண்டு. நாயின் எச்சிலில் அது கிட்டத்தட்ட இல்லை, ஆகவே அந்த வழியும் அடைப்பு.

மிஞ்சுவது பெப்சின் என்ற செரிமானப் புரதம். நுரையீரலில் அது கிடைத்தால் வயிற்றிலிருந்து ஏறியது என்று சந்தேகிக்கலாம். இரைப்பையில் பெப்சினோஜனாகச் சுரந்து, அமிலம் பட்டதும் பெப்சினாகிறது. அமிலத்தன்மையின் அளவான பிஎச் 7 பக்கம், அதாவது அமிலம் இல்லாத நிலையில், வேலை செய்யாமல் கிடந்தாலும் அழிவதில்லை, மறுபடி அமிலம் வந்தால் விழித்துக்கொள்ளும். பிஎச் 8 அளவுக்குப் போனால்தான் நிரந்தரமாகக் கெடும். ஒமெப்ரசோல் அமிலத்தைத்தான் குறைக்கிறது, எதுக்களிப்பை நிறுத்துவதில்லை. அதனால் மாத்திரை சாப்பிடும் நாயிலும் பெப்சினைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு சிக்கல்: மனித நுரையீரல் செல்களே பெப்சினோஜன் சி என்ற உறவுக்காரப் புரதத்தைச் செய்கின்றன. இரண்டையும் பிரித்தறியாத ஆன்டிபாடியை வைத்து டெஸ்ட் செய்தால் ரிசல்ட்டை நம்ப முடியாது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை சாம்பிள். நுரையீரலைக் கழுவி நீர் எடுக்க மயக்க மருந்து வேண்டும். மயக்கத்தில் உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்து, அதுவே எதுக்களிப்பை உண்டாக்கலாம். அப்புறம் கிடைத்த பெப்சின் நேற்றையதா, டேபிளில் படுத்தபோது வந்ததா? பக் நாய்க்கு மயக்கம் என்றாலே கூடுதல் ஆபத்தும் உண்டு.

அளவுகோலும் முக்கியம். 2018-ல் வெளியான ஹெல்சிங்கி ஆய்வொன்றில் நாய்களின் நுரையீரல் கழுவிய நீரில் பித்த அமிலம் தேடினார்கள். அது புரதம் இல்லை, ஆனால் தேடலின் நோக்கம் இதேதான். நோயில்லாத வெஸ்டி (வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர்) இன நாய்களிலும் அது இருந்தது. ஆக, இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும் டெஸ்ட் போதாது. ஆரோக்கியமான நாய்களில், அதுவும் இனவாரியாக, எவ்வளவு வரை சாதாரணம் என்று தெரிய வேண்டும். ஒற்றைப் புரதத்தை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பேனல்தான் சரியென்று நினைக்கிறேன். விழித்திருக்கும் நாயின் வாயில் ஒரு பஞ்சுக்குச்சி வைத்து எடுக்கிற சாம்பிளில் அது நடக்க வேண்டும்.

அதுவரை மிளகுக்குச் சின்னச் சின்ன வேளையாகச் சாப்பாடு, காலருக்குப் பதில் ஹார்னஸ், எடைக் குறைப்பு. உங்கள் நாயும் சாப்பிட்டதும் இருமினால், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எப்போது இருமியது என்று எழுதிவையுங்கள். வெறும் வாயை விழுங்குவதை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.