வேலை பார்த்த நாளுக்குக் கல்லூரியில் கிரெடிட்: சேரும் முன்னே முடிக்க வேண்டிய காகிதங்கள்

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் சாயங்காலம் நின்று ஃபீஸ் கட்டும் பிள்ளைகள் நெல்லையில் ஏராளம். "ரெண்டு வருசமா வேலை பாக்கேன், இதுக்கு காலேஜ்ல கிரெடிட் உண்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள். கிரெடிட் என்பது படித்த நேரத்துக்குப் பட்டத்தில் சேரும் மதிப்பு அலகு. அப்படியே கிடைக்காது. வேலையில் நின்ற நாள் மட்டும் கணக்கில் ஏறாது. ஒப்பந்தமும் மதிப்பீடும் இருந்தால்தான் ஏறும்.

இதற்கென்று இருப்பது அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சியோடு சேர்ந்த பட்டப்படிப்பு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2020-ல் வழிகாட்டுதல் கொடுத்து, 2025-ல் திருத்தியது. மூன்றாண்டுப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை தொழிலிடத்தில் கழிக்கலாம். தேசிய கிரெடிட் கணக்குப்படி 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி, 40 கிரெடிட். மூன்று மாதம் என்றால் 10. ஓவர்டைம் பார்த்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பாடத்திட்டத்தில் போட்டிருப்பதுதான் கிடைக்கும்.

முதலில் துறைத்தலைவரிடம் கேளுங்கள்: நம் கோர்ஸ் இந்த வகையில் பல்கலைக்கழக அனுமதி பெற்றதா? சாதாரண பி.காம். என்றால், நீங்களாக ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டு வந்து கேட்க வழியில்லை. பாடத்திட்டத்தில் உள்ள இன்டர்ன்ஷிப்புக்கான சில கிரெடிட்தான். மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில் எடுக்கும் பட்டதாரி அப்ரண்டிஸையும் இதோடு குழப்ப வேண்டாம். அது படித்து முடித்தவர்களுக்கு. சான்றிதழ் வரும், பட்டத்தில் ஒன்றும் கூடாது.

அடுத்தது நிறுவனம். அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் ஆள் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். மூன்று பேர் நிற்கும் கடை எவ்வளவு நல்ல முதலாளியுடையதாக இருந்தாலும் ஆகாது. கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் தேடுவது பலன் தரும். மாணவர், நிறுவனம், கல்லூரி மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மத்திய அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) தளத்தில் பதிவாக வேண்டும். அதற்கு முன் வேலை பார்த்த நாட்களைப் பின்னால் சேர்க்க முடியாது. "முதல்ல வந்து சேருப்பா, பேப்பர் அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லும் இடத்தில்தான் ஒரு செமஸ்டரே போய்விடுகிறது.

பட்டப்படிப்பு அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகளில் வைத்தார்கள். நாட்ஸ் வழியில் குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசின் பங்கு. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்காமல் விட்டால் அந்தப் பாதி வந்து சேராமல் நிற்கும்.

மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது லாக்புக், அதாவது அன்றன்று செய்த வேலையை எழுதிவைக்கும் குறிப்பேடு. "ஸ்டாக் பார்த்தேன்" என்று முப்பது நாளும் எழுதினால் மதிப்பிட வருபவருக்கு அதில் ஒன்றுமில்லை. "இன்வாய்ஸில் 40 பெட்டி, இறங்கியது 38; குறைவை லாரி டிரைவரிடம் எழுதி வாங்கி, டெபிட் நோட் தயாரித்தேன்" என்று எழுதுங்கள். என்ன கற்றீர்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. சூப்பர்வைசர் கையெழுத்தை வாரம் தவறாமல் வாங்குங்கள். அவர் இடையில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால், மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட புதியவர் தயங்குவார். அவர் மேல் குற்றமில்லை.

கடைசியாக நம்மூர்ச் சிக்கல்: இனிஷியல். கிரெடிட் போய்ச் சேருவது டிஜிலாக்கர் வழியாகத் தொடங்கும் ஏ.பி.சி. (கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் கல்வி வங்கி) கணக்கில். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், கல்லூரிப் பதிவேட்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் கணக்கு பொருந்தாது. ஒப்பந்தம் போடும் முன்பே ஆதாரைச் சரிசெய்யுங்கள். ரிசல்ட் வந்தபின் டிஜிலாக்கரைத் திறந்து கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுப் பிரிவுக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.