மன்னார்குடியில் மறுபடியும் வோலோலோ

1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற விண்டோஸ் கேம் நேற்று ராத்திரி என் லினக்ஸ் லேப்டாப்பில் ஓடியது! பரணில் கிடந்த அண்ணனின் பழைய சிடிதான்.

அந்தக் காலத்து கேமுக்கு 32 பிட் லைப்ரரிகள் (பழைய வகை துணை ஃபைல்கள்) வேண்டும். அதையெல்லாம் நேரடியாக சிஸ்டத்தில் கொட்ட மனசில்லை. டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவியில் ஒரு கன்டெய்னர் (சிஸ்டத்துக்குள்ளேயே தனியாக ஒரு குட்டி லினக்ஸ்) போட்டு, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைனை அதற்குள் நிறுவினேன். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாயாமல் வரப்பு கட்டுகிற மாதிரிதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நம் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரையே டிஸ்ட்ரோபாக்ஸ் கன்டெய்னருக்கும் பயன்படுத்தும். உருவாக்கும்போதே தனி ஹோம் கொடுத்துவிடுங்கள்.

கேமில் வரும் பூசாரி ‘வோலோலோ’ என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நீயும் அண்ணனும் மவுஸுக்கு அடிச்சுக்குவீங்களே, அதுதானே இது?”

அண்ணனுக்கு வீடியோ அனுப்பிவிட்டேன். பொங்கலுக்கு வரட்டும், மவுஸ் இரண்டு இருக்கிறது.