காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு

மார்ச் 2, 2025, ஞாயிறு

இன்று நான் கோயிலில் திருவிருந்தில் சேரவில்லை, அப்பமும் திராட்சரசமும் வாங்கவில்லை. திடப்படுத்தல் எடுத்து அதில் சேரத் தொடங்கிய பதினாறு வயதிலிருந்து, காய்ச்சல் தவிர வேறு எதற்காகவும் விட்டதில்லை.

சமாதானம் கொடுக்கும் நேரத்தில்தான் மனம் இடறியது. எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில், அப்பமும் ரசமும் பீடத்துக்குப் போகும் முன்பே, காணிக்கை எடுக்கும் முன்பே, சமாதானம் கொடுப்பார்கள். சபைக் குருவான ஐயர் தொடங்கிவைப்பார். ஒருவர் தம் இரண்டு உள்ளங்கைக்குள் அடுத்தவர் கையை வைத்து மூடிக் கொடுக்க, அவர் வாங்கித் தமக்கு அடுத்தவருக்குக் கொடுப்பார். 1947-ல் சபைகள் ஒன்றாகி, 1950-ல் இந்த ஆராதனை முறை வந்தபோது, சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்தைப் பார்த்துச் சேர்த்தது இது.

நேற்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வாசித்தோம். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று வருமே, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று சொல்கிற இடம். இத்தனை வருஷமும் அதை நான் மாற்றியே வாசித்திருக்கிறேன். சகோதரன்மேல் எனக்குக் குறை இருந்தால் என்று. அப்படி வாசித்தால் மன்னிக்கிற இடத்தில் நான் இருப்பேன். வசனம் என்னை வைத்திருக்கிற இடம் வேறு. குறை அவனுக்கு, என்மேல்.

பக்கத்திலிருந்த அக்கா என் கையை மூடிச் சமாதானம் சொன்னார்கள். வாங்கினேன். அடுத்தவருக்குக் கொடுத்தபோது என் கை குளிர்ந்துபோயிருந்தது. எல்லோரும் பீடத்துக்குப் போக எழுந்தார்கள். நான் எழவில்லை.

என்ன குறை என்று எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை. அம்மா நாலு வருஷம் படுக்கையில் கிடந்து 2023 ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையானார்கள். பார்த்துக்கொண்டது ஊரில் இருக்கிற தம்பியும் அவன் மனைவியும். நான் பாளையங்கோட்டையிலிருந்து மாதத்துக்கு ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு போய்வருவேன். அடக்கம் முடிந்த சாயங்காலம், பெரியப்பா வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் சத்தமாகச் சொன்னேன்: "நல்லாப் பார்த்திருந்தா எங்கம்மா இன்னும் இருந்திருப்பா." குளிப்பாட்டும்போது அம்மா முதுகில் ஒரு படுக்கைப்புண் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

அந்தப் புண் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். நாலு வருஷம் படுத்துக் கிடந்த உடம்பில் அது ஒன்றுதான் இருந்தது. தம்பி மனைவி எத்தனை ராத்திரி எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்திருப்பாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதைச் சொல்லும்போதே எனக்கு அது தெரியும். கூட இருக்காத குற்றத்தை என்னால் சுமக்க முடியவில்லை. அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்கியாயிற்று. பூ வைப்பதில்லை, கறி இல்லை, கல்யாணப் பேச்சு இல்லை. சின்ன வயதிலிருந்தே பழகிப்போனதால் இதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

அம்மாவின் கைப்பிடி அரிசி டப்பா என்னிடம் இருக்கிறது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசி கர்த்தருக்கென்று அதில் போடுவார்கள். இன்று முதல் அந்தப் பிடியை எடுக்கும்போது தம்பி பெயரையும் அவள் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ஒரு வாரமாக நான் ஜெபித்தது என்ன என்று இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. "ஆண்டவரே, தம்பி மனசை இளக்கும், அவன் என்னோடு பேசும்படி செய்யும்." ஏழு நாளும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். குற்றம் செய்தது நான், மாறவேண்டியது அவனா?

அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்புறம், "எனக்குத் தைரியம் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

தம்பிக்கு ஜிபே-யில் ஐயாயிரம் அனுப்பினேன். அவன் பெரிய மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டும் என்று கேள்விப்பட்டேன். அனுப்பியதும் மனசு கொஞ்சம் லேசானது.

மார்ச் 20, வியாழன்

பணம் திரும்பி வந்துவிட்டது. அதே ஐயாயிரம், ஒரு வார்த்தைகூட இல்லாமல். ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பியிருக்கிறான்.

முதலில் கோபம் வந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தும் ஓடவில்லை. அப்போது அசரியா பேராயர் ஞாபகம் வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், 1912-ல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானவர். ஓய்வுநாள் பள்ளியில் அவர் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று சொன்னார்: நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று. சின்னப் பிள்ளையில் அதைக் கேட்கும்போது, நம்ம ஊர்க்காரர் எப்படித் தைரியமாகப் பேசியிருக்கிறார் என்று பெருமையாக இருக்கும். இன்றைக்கு நான் அந்தச் சபையில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பணம் அனுப்பினேன், ஆனால் பஸ் ஏறவில்லை.

தம்பி திருப்பி அனுப்பியது சரிதான்.

மார்ச் 30, ஞாயிறு

ஈஸ்டருக்கு வெள்ளை கவுன் பதினொன்று, ஜாக்கெட் இருபதுக்கு மேல். போவதைத் தள்ளிப்போட வேலை நல்ல சாக்காக இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டார், "எப்பப் போற?" வியாழக்கிழமை என்றேன். சொல்லிவிட்டதால் இனி போய்த்தான் ஆகவேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

முதல் பஸ்ஸில் கிளம்பினேன். ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றுப் பாசனமும் வாழையும். அதன்பிறகு தேரி தொடங்கிவிடும். செக்கச்சிவந்த மண், நிரைநிரையாகப் பனை. மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்ததும் வயிறு கலங்கியது. பிறந்த ஊருக்குப் போகிற வழியில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை.

வீடு பூட்டியிருந்தது. பதநீர் சீசன். இரண்டு பேரும் பனைவிளையில் இருப்பார்கள் என்று நடந்தேன். பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசையான விடிலிக்குள் தம்பி மனைவி மட்டும் இருந்தாள். தம்பி பாளை சீவுகிறவரோடு கலயம் எடுக்கப் போயிருந்தான்.

அடுப்பில் பெரிய தாச்சி. பதநீர் காய்ந்து பாகாகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். எழவில்லை, எழவும் முடியாது. பதம் நெருங்கும்போது ஒரு நிமிஷம் விட்டாலும் பொங்கி அடுப்புக்குள் போய்விடும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். நுரை எழும்பியது. இடித்து வைத்திருந்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள். நுரை அப்படியே அடங்கியது. காய்ந்த மட்டையை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி துழாவத் தொடங்கினாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நான் ஓலைச்சுவர் ஓரமாக நின்றேன். பஸ்ஸில் பேசிப் பேசிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. புகையில் இரண்டு பேருக்கும் கண்ணீர் வழிந்தது, அதனால் அழுவது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒரு கிண்ணம் தண்ணீரில் பாகைச் சொட்டுவிட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். பதம் வந்துவிட்டது. தாச்சியை இறக்க மறுபக்கம் ஆள் வேண்டும். கிடந்த சாக்குத்துணியை எடுத்துக்கொண்டு நான் ஒரு காதைப் பிடித்தேன். சேர்ந்து இறக்கினோம். அவள் அகப்பையால் மோந்து மோந்து சிரட்டைகளில் ஊற்றினாள்.

அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய். சொல்லும்போதே பொய்னு எனக்குத் தெரியும். அம்மாவ நீ பார்த்த மாதிரி நான் பார்த்திருக்க மாட்டேன்."

அவள் சிரட்டை எல்லாவற்றையும் ஊற்றி முடித்தாள். அகப்பையை வழித்து வைத்தாள். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"மைனி, ஊரு முன்னால சொன்னீங்க. இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொல்லுதீங்க. ரெண்டு வருஷமா அசன வீட்டுலயும் கல்யாண வீட்டுலயும் என்னப் பார்த்துக் குசுகுசுன்னு பேசுனவங்களுக்கு இது கேக்குமா?"

பதில் இல்லை என்னிடம்.

தம்பி வந்தான். "யக்கா" என்றான், அவ்வளவுதான். குடிக்கப் பதநீர் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ராத்திரி தூக்கமில்லை. மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

வேதத்தில் வரி வசூலிக்கிற சகேயுவின் கதையை எடுத்து வாசித்தேன். அவன் அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொன்னது ஆண்டவரிடம்தான். ஆனால் நின்றுகொண்டு சொன்னான், முறுமுறுத்துக்கொண்டிருந்த ஊர் ஜனத்துக்கும் கேட்கும்படி. ஜனத்திடம் வாங்கினதை ஜனத்துக்கு முன்னால்தான் திருப்பவேண்டும். அவளிடமிருந்து நான் எடுத்தது அவள் பேர். அதை விடிலிக்குள் வைத்துக் கொடுத்தால் எப்படி?

ஏப்ரல் 6, ஞாயிறு

மாத முதல் ஞாயிறு. இன்றும் பீடத்துக்குப் போகவில்லை. போன மாதம் போல் வெட்கமாக இல்லை. வழியில் இருக்கிறேன் என்று தோன்றியது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஊர்க் கோயிலில் குருத்தோலைப் பவனிக்குப் போனேன். பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைந்து கையில் வைத்துக்கொண்டு ஓசன்னா பாடிப் போனார்கள். ஆராதனை முடிந்ததும் பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடுவது வழக்கம். அதே முற்றம், அதே வேப்பமரம். தம்பியும் அவளும் வாசற்படிப் பக்கம் நின்றார்கள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "அம்மா அடக்கத்தன்னைக்கு இதே இடத்துல நான் இவளப் பத்திச் சொன்னது பொய். அம்மாவ இவ நல்லாப் பார்த்தா. பார்க்காதது நான்தான். அந்தக் குத்தத்த இவ மேல போட்டுட்டேன். நீங்க எல்லாரும் கேக்கச் சொன்னேன், அதனால நீங்க எல்லாரும் கேக்கவே இதையும் சொல்லுதேன்."

கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. ஒரு சித்தி, "செத்தவ கதைய இப்ப எதுக்குட்டி கிளப்புத" என்றார்கள். பெரியப்பா மட்டும், "சரி, உக்காரு" என்றார். கால் நடுங்கியதில் டம்ளர் தட்டிவிட்டுக் காப்பி மண்ணில் ஊற்றிவிட்டது. ஒரு பிள்ளை ஓடிவந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனது.

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் பஸ் ஏறுகிறவரை தம்பி கூடவே வந்து நின்றான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாயங்காலத் திருவிருந்துக்கு ஊருக்கே போனேன். அவள் எனக்குப் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லாமல்தானோ என்னவோ, கோயில் நிறைந்திருந்தது.

சமாதானம் வந்தது. அவளுக்கு முந்தின ஆள் அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் திரும்பி என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் மூடினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கட்டைவிரல் ஓரத்தில் பாகு தெறித்துச் சுட்ட தழும்பு, இன்னும் ஆறவில்லை. "கர்த்தருடைய சமாதானம்" என்றாள், எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில். எனக்கு அது போதும். கொஞ்சநேரம் கழித்து எழுந்து பீடத்துக்குப் போனேன். அப்பம் வாயில் கரைகிறவரை கண்ணைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று விடியற்காலம் ஈஸ்டர் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா கல்லறையில் தம்பி மெழுகுவர்த்தி ஏற்றினான். நான் பூ வைத்தேன். அவள் கல்லறைமேல் விழுந்திருந்த சருகைக் கையால் கூட்டித் தள்ளினாள், அம்மா படுக்கையைத் தட்டிப்போடுகிற மாதிரி.

கிளம்பும்போது வீட்டுக்குள் கூப்பிட்டு, ஒரு ஜாக்கெட் துணியை என் கையில் கொடுத்தாள். முன்பெல்லாம் அவளுக்கு நான்தான் தைப்பேன். இந்த இரண்டு வருஷமும் வேறு எங்கோ கொடுத்துத் தைத்திருக்கிறாள். அளவு ஜாக்கெட் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தது நான் தைத்ததுதான், பழையது. கைத் தையலைப் பிரித்து விட்டிருந்தது. "இது பத்தாது மைனி, புதுசா அளவெடுங்க" என்றாள்.

டேப் கொண்டுபோகவில்லை. பிள்ளைகளின் பட்டம் விடுகிற நூல் கிடந்தது. அதை வைத்து மார்பு, தோள், கை என்று அளந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினாள், திரும்பச் சொன்னபோது திரும்பினாள்.

இன்று காலையில் நூலை டேப்பின்மேல் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். மார்பு முப்பத்தெட்டு. துணியை நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.